ஏழு டப்பாவில் ஒருத்தி

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ் கிருமாம்பாக்கத்தில் நின்று கிளம்பியதும், ஏகநாதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெற்றிலை வாய்க்காரர் மூக்கைச் சுளித்தார். முதலில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே கரும்புதான் இருந்தது, அதைக் குற்றம் சொல்ல முடியவில்லை. அடுத்து முன்சீட்டுக் குழந்தையைப் பார்த்தார். கடைசியில் ஏகநாதன் காலடியில் இருந்த சாக்குப் பையைப் பார்த்தார்.

"இன்னாபா அதுல?"

"கருவாடு."

"இன்னா கருவாடு இது? கெட்டுப்போச்சு போல கீதே."

"ஆமாங்க. திருப்பிக் குடுக்க எடுத்தும்போறேன்."

அவர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். ஏகநாதனுக்கு இரண்டு பேர் சீட்டு கிடைத்தது. இந்த வேலையில் அவனுக்குக் கிடைத்த ஒரே சலுகை இதுதான். மாதத்தில் பத்து நாளாவது அவன் கால் நீட்டி உட்கார்ந்து பயணம் செய்தான்.

பைக்குள் இருந்தவை பதினோரு தகர டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் மூன்று நாள் பஞ்சு இருந்தது. மூடியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் பெயர், வயது, கணவர் பெயர், தேதி. இது 1979. பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அறுபது பெண்களைப் பொறுக்கி எடுத்து, கருத்தடைக்கு லூப் வைத்துக்கொண்டவளுக்கு மாதாமாதம் எவ்வளவு ரத்தம் போகிறது, வைக்காதவளுக்கு எவ்வளவு போகிறது, இரும்பு மாத்திரை தின்றால் என்ன ஆகிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஆராய்ச்சித் திட்டம் நடந்துகொண்டிருந்தது. திட்டமே பஞ்சுப் பட்டைகளைச் சுத்தமாகத் தைத்துக் கொடுக்கும். பெண்கள் உபயோகித்த பிறகு டப்பாவில் போட்டு மூட வேண்டும். ஏகநாதன் வாங்கிக்கொண்டு போய் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அங்கே அதைச் சோடாக் காரத்தில் ஊறவைத்து, பிழிந்து, வரும் நிறத்தை ஒரு கருவியில் படித்து, இன்னாருக்கு இத்தனை மில்லி என்று எழுதுவார்கள். நிரம்பிய டப்பா ஒன்றுக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்.

இதற்கு முதலில் இரண்டு பெண்களைத்தான் வேலைக்கு எடுத்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இன்னொருத்தி முதல் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. விலங்கியல் படித்தவனுக்கு அருவருப்பு இருக்காது என்று நேர்முகத் தேர்வில் முடிவு செய்து ஏகநாதனை எடுத்தார்கள். அவன் மூன்றாம் வகுப்பில் தேறியவன். நான்கு வருடப் படிப்பில் அவன் அறுத்தது தவளையும் கரப்பானும்தான். உலகத்தில் பாதிப் பேர் மாதாமாதம் இப்படி என்று அவனுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை.

வில்லியனூரில் அவன் அப்பாவுக்கு எண்ணெய்க் கடை. பையனுக்கு மண் ஆராய்ச்சியில் வேலை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார், அவன் அப்படித்தான் சொல்லியிருந்தான். கடைக்கு வருகிறவர்களிடம், "எந்த மண்ணுல எள்ளு நல்லா வரும்னு நம்ம ஏகநாதன கேளுங்க, டப்பா டப்பாவா எடுத்தாந்து பாக்குறான்" என்று பெருமை அடித்துக்கொள்வார். அம்மாவுக்கு மட்டும் ஏதோ சந்தேகம். பையன் வீட்டுக்கு வந்ததும் சிவப்பு சோப்பைக் கரையக் கரையத் தேய்க்கிறான், பீட்ரூட் பொரியலைக் கண்டால் எழுந்து போய்விடுகிறான். மண்ணில் அப்படி என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

அருவருப்பு நாள்பட்டால் பழகிவிடும் என்கிறார்கள். ஏகநாதனுக்கு நாள்பட நாள்பட அது நுணுக்கமாகிக்கொண்டே போனது. முதல் மாதம் எல்லா டப்பாவும் ஒரே நாற்றமாக இருந்தது. மூன்றாம் மாதம் எது நேற்றையது, எது நாலு நாள் பழையது, எதை வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்தார்கள், எது மாட்டுக் கொட்டகையில் இருந்தது என்று மூடியைத் திறக்காமலே சொல்ல முடிந்தது. சித்திரை மாதத்தில் ஒரு டப்பாவுக்குள் எதுவோ நகரும் சத்தம் கேட்டு அவன் பாகூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அந்தப் பெண்கள் எல்லோரும் கூட்டுச் சேர்ந்து தன்னை அவமானப்படுத்தவே இதைச் செய்கிறார்கள் என்றுகூடச் சில சமயம் அவனுக்குத் தோன்றியது.

ஆய்வுக்கூடத்தில் மணவாளன் சாருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. அவர் புள்ளிவிவர அதிகாரி. டப்பாக்கள் அவரிடம் எண்களாகத்தான் போய்ச் சேரும். ஐந்தாம் மாதம் அவர் ஏகநாதனைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். மேஜைமேல் வரைபடத் தாள் விரித்திருந்தது, அதன்மேல் இரண்டு மெதுவடை இருந்தது.

"யோவ், கிருமாம்பாக்கத்துல அந்த ஒரு தெரு. ஏழு வூடு. நீ ஒண்ணும் கவனிக்கலியா?"

"ஈ ஜாஸ்தி சார்."

"ஈய வுடுய்யா. ஏழு பேருக்கும் ஒரே வெள்ளிக்கிழம. அஞ்சு மாசமா! அளவப் பாரு. நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு, நாப்பத்துநாலு. ஒரு தெருவே சொல்லி வச்ச மாதிரி ஓடுது."

வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றை எடுத்துக் காட்டினார். அங்கே விடுதியில் ஒன்றாகத் தங்கிப் படிக்கும் பெண்களுக்கு நாளாக நாளாகத் தேதி ஒன்றுபோல வந்து சேர்கிறதாம். அவர்களுக்கு விடுதி, நமக்குத் தெரு. அங்கே தேதி மட்டும்தான் ஒத்துப்போகிறது, இங்கே மில்லியும் ஒத்துப்போகிறது. இதை எழுதி அனுப்பினால் டில்லி மாநாட்டுக்குக் கூப்பிடுவார்கள். மணவாளன் சார் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, எண்ணெய் விரலால் அந்த ஏழு புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் தாள் கண்ணாடி மாதிரி ஆனது.

வெளியே வந்தபோது, டப்பாக்களைத் திறந்து காரத்தில் போடும் ஊழியர் பச்சையப்பன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். இந்த உலகத்தில் ஏகநாதனைவிட அதிகமாகக் கை கழுவுகிற ஒரே ஆள் அவர்தான்.

"இன்னா சொல்றாரு பெரியவரு?"

"ஏழு பேருக்கும் ஒரே நாளாம். அதிசயமாம்."

பச்சையப்பன் புகையை மூக்கு வழியாக விட்டார். அந்த மூக்குக்கு அது ஒரு சிகிச்சை. "ஏழு டப்பாலயும் பஞ்சுப் பட்டய சுருட்டி ஒரு ஊதாத் துணிக் கிழிசல்ல கட்டிக் கீதுபா. அதே பொடவ. அதே முடிச்சி. கண்ணாலம் ஆன ஏழு பொம்பளைங்க ஒரே கிழிஞ்ச பொடவையவா கட்டிக்கிறாளுங்க?"

"இத்த ஏன் நீங்க சார்கிட்ட சொல்லல?"

"அவரு கேக்கலியே. முடிச்சிக்கு ஃபாரத்துல எடம் இல்ல."

அந்த ஏழு வீட்டுக்கும் தலைவி மாதிரி இருந்தவள் வள்ளிநாயகி. முப்பது வயது. புருஷன் கோவிந்தராஜுக்குக் கரும்பும் நெல்லுமாக நாலு காணி. மறுநாள் ஏகநாதன் போனபோது அவள் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவன் ஊதாத் துணியைப் பற்றிக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாட்டிக்கொண்ட வெட்கம் கொஞ்சமும் இல்லை.

"அத்தக் கண்டுபுடிக்க அஞ்சு மாசமா ஒங்களுக்கு? நல்ல ஆராய்ச்சி போ."

"அப்ப அது யாரோடது?"

"தோ பாரு தம்பி. எங்க துணிய அந்நிய ஆம்பள கையில குடுத்து, அவன் எங்கியோ எடுத்தும்போயி ஊற வச்சி, எவனாவது அதுல ஒரு எலுமிச்சம்பழத்த அறுத்து எதுனா பண்ணி வச்சிட்டான்னா, நாளைக்கி எங்க வயித்துல புழு பூச்சி தங்குமா? எங்க மாமியா சொல்லிடுச்சி, குடுத்தா வூட்ட வுட்டுப் போயிடுன்னு. ஆனா டம்ளரு நல்லா கனமா கீது. அதான் கலியம்மாவக் கேட்டோம்."

"யாரு கலியம்மா?"

"தெருக்கோடில கீதே. புருசன் செத்தவ. அவளுக்கு இருவது நாளு இருவத்தோரு நாளு போவும். ஆளுக்கு மூணு நாளா பிரிச்சிக்கினோம். தேதி மட்டும் ஏழு பேரும் அவளுக்கு ஆரம்பிச்ச வெள்ளிக்கிழமையே சொன்னோம்."

ஏழு மூன்று இருபத்தொன்று. கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஏகநாதன் அந்த வெயிலில், மிளகாய் நெடியில், மனசுக்குள் இன்னொரு கணக்குப் போட்டான். நாற்பத்தைந்தை ஏழால் பெருக்கினான். முந்நூற்றுப் பதினைந்து. எண்பதுக்கு மேல் போனாலே ஆபத்து என்று படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருந்தது. ஒரு பெண்ணின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. அதை ஏழாகப் பங்கு போட்டதில் ஏழு ஆரோக்கியமான பெண்கள் கிடைத்திருக்கிறார்கள்.

கலியம்மாள் நடவில் இருந்தாள். வரப்பில் நின்று கூப்பிட்டதும் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி மெதுவாக வந்தாள். நாலு அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள். வயது முப்பத்தெட்டு என்று பிறகு சொன்னாள், பார்த்தால் ஐம்பத்தைந்து. முகம் ஊதி, வெளுத்து, ஊறவைத்த அரிசி மாதிரி இருந்தது. கெண்டைக்காலில் மூன்று அட்டைகள் குடித்துப் பருத்துத் தொங்கின. அவள் வரப்பில் உட்கார்ந்து, மடியிலிருந்த சுண்ணாம்பை வைத்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வீசினாள். பின்னால் நடவுக்காரிகள் சிரித்தார்கள்.

"தம்பி, அட்டைங்களுக்குக் கலியம்மா கால்னா கல்யாண சாப்பாடு!"

"சிரிங்கடி, சிரிங்க" என்றாள் கலியம்மாள், கோபமில்லாமல். "எனுக்குத் தண்ணிக்குள்ள நிக்கறதுதான் தம்பி சவுரியம். கீழ எது போனாலும் தெரியாது பாரு. களைவெட்டுன்னா நான் போறதில்ல."

பேசிக்கொண்டே வரப்பின் ஓரத்தில் ஈரக் களிமண்ணை விரலால் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். ஏகநாதன் பார்ப்பதைப் பார்த்து, "வாயி கேக்குது" என்றாள். பல்லிடுக்கில் மண் நறநறத்தது. ரத்தம் சுண்டிய உடம்பு மண்ணைக் கேட்கும் என்று அவன் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருக்கிறான், இரண்டு மதிப்பெண்.

"செய்வினை வச்சிடுவாங்கன்னு ஒங்களுக்குப் பயம் இல்லையா?"

"எனுக்கு வச்சி இன்னாத்த எடுப்பான்? புருசன் போயி ஆறு வருசம் ஆச்சி. பொண்ணப் பண்டசோழநல்லூர்ல குடுத்துட்டேன். ஒரு வெள்ளாடு கீது, வேணும்னா அத்த எடுத்துக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவளுங்களுக்கு டம்ளரு, எனுக்குப் பஞ்சு. அந்தப் பஞ்சு எவ்ளோ மெத்துனு கீது தெரியுமா? கந்தத் துணியில தொடையெல்லாம் புண்ணாயிக் கெடந்தது. இப்பத்தான் ஆறிக் கீது. நிறுத்திடாத தம்பி."

ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டான்.

"போனேனே. இங்க டிஸ்பென்சரில செவப்பு மாத்திர குடுத்தாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு மொதல் தடவ போனப்ப வரிசையில நிக்கசொல்லவே பாவாட நனஞ்சிபோச்சி. பின்னால திரும்பினா எங்கூட்டுச் சம்பந்தி நிக்கிறா. வந்துட்டேன். ரெண்டாந்தடவ பாத்தாங்க. வயித்துல கட்டி, ஆபரேசன் பண்ணணும், ரெண்டு பாட்டிலு ரத்தம் ஓணும், கையெழுத்துப் போட ஆம்பள ஆள இட்டாரச் சொன்னாங்க. ஆம்பளைக்கி நான் எங்க போவேன்? மருமவனாண்ட இத்த எந்த வாயால சொல்லுவேன்?"

அவள் எழுந்து மறுபடி சேற்றுக்குள் இறங்கினாள். உட்கார்ந்திருந்த இடத்தில் வரப்புப் புல் கறுத்திருந்தது. அங்கே ஈ வந்து உட்காருவதற்குள் ஏகநாதன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். ஐந்து மாதமாக இந்த ஒருத்தியைத்தான் அவன் ஏழு பெயர் ஒட்டி, மூக்கைப் பொத்தி, கருவாடு என்று சொல்லிச் சுமந்திருக்கிறான்.

மறுநாள் மணவாளன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் வரைபடத் தாளை மெதுவாகச் சுருட்டினார்.

"அந்தம்மா சாம்பிள்ல கீதா?"

"இல்ல சார். முப்பத்தெட்டு வயசு. விதவ. நாம முப்பத்தஞ்சுக்குள்ள, புருஷன் இருக்கறவங்களத்தான் எடுத்தோம்."

"அப்ப அந்தம்மா இல்ல."

"செத்துடுவாங்க சார்."

"எல்லாருந்தான் செத்துடுவோம். யோவ், ஒரு அம்மாவுக்காக ஏழு பேர அடிச்சா சாம்பிள் அம்பத்து மூணா ஆயிடும். அம்பத்து மூண வச்சிகினு எவன்யா ஒத்துப்பான்? நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல." தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். "வட சாப்புடுறியா?"

ஏகநாதன் சாப்பிட்டான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், தட்டைத் தள்ளியிருக்கலாம், அதற்கெல்லாம் நேரம் இருந்தது. சாப்பிட்டான். வடையும் நன்றாக இருந்தது. ஐந்து மாதத்தில் அவன் கையால் தொட்ட எதுவும் அந்த வடையைப் போல அவனுக்குக் குமட்டலைத் தந்ததில்லை.

அந்தக் குமட்டலோடுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. எண்பது மில்லிக்கு மேல் போகிறவளை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே நேரில் பார்த்து, படுக்கை கொடுத்து, வைத்தியம் செய்ய வேண்டும் என்று திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரன் போட்ட நிபந்தனை. ஆகவே அதை மட்டும் யாரும் மீற மாட்டார்கள். ஏழு டப்பாவில் இருப்பதை ஒரே டப்பாவில் போட்டு ஒரே பெயர் ஒட்டினால் போதும்.

"என் பேரா?" என்றாள் வள்ளிநாயகி. "அவ என் பேர்ல போயி அறுத்துக்கினு வந்தா, எனக்குக் கர்ப்பப்பை இல்லன்னு எழுதிடுவானுங்களே!"

"காகிதத்துலதாங்க."

"காகிதத்துல செத்துப்போனவன் ரேஷனுக்கு அலையறத நான் பாத்துக் கீறேன்." புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். தெருக்கோடியைப் பார்த்தாள். கலியம்மாளின் ஆடு அங்கே வேலியைத் தின்றுகொண்டிருந்தது. "கர்ப்பப்பை இல்லன்னு எழுதிட்டா, லூப்பு வச்சிக்கோ, ஆபரேசன் பண்ணிக்கோன்னு இந்தக் குடும்பக்கட்டுப்பாடுக்காரிங்க வரமாட்டாளுங்க இல்ல?"

"வரமாட்டாங்க."

"அப்ப எழுதிக்கட்டும். எங்கூட்டு ஆளுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா எனக்குக் கர்ப்பப்பை இல்லன்னு அவரே நம்பிடுவாரு."

அந்த மாதம் வள்ளிநாயகி டப்பாவின் மூடியை மூட முடியவில்லை, ஏகநாதன் அதன்மேல் சணல் போட்டுக் கட்டினான். மற்ற ஆறு டப்பாக்களும் காலி. 'இந்த மாதம் வரவில்லை' என்று ஆறு படிவத்திலும் எழுதினான். பச்சையப்பன் டப்பாவைத் திறந்தார், உள்ளே பார்த்தார், ஏகநாதனைப் பார்த்தார், காரத்தை ஏழு மடங்கு ஊற்றினார். முந்நூற்றுப் பதினெட்டு மில்லி.

மணவாளன் சார் அதிர்ச்சி அடைந்தது முந்நூற்றுப் பதினெட்டுக்காக அல்ல. "ஆறு பேருக்கும் ஒரே மாசம் நின்னுபோச்சா?" என்று எழுந்து நின்றுவிட்டார். முதலில் தன் தெரு போயிற்றே என்று துக்கப்பட்டார். ஐந்து நிமிஷத்தில் துக்கம் ஆனந்தமானது. ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் லூப் தோற்று, ஆறு பேரும் ஒரே நேரத்தில் கர்ப்பம். விடுதிப் பெண்களால் இதைச் செய்ய முடியுமா? மறுநாளே ஜீப்பை அனுப்பச் சொன்னார். வள்ளிநாயகியை டாக்டரம்மாவிடம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வரும்போது ஆறு பேருடைய சிறுநீரும் ஆறு பாட்டிலில் வர வேண்டும்.

ஜீப் காலை எட்டு மணிக்குத் தெருக்கோடியில் நின்றது. டிரைவரைப் பீடி வாங்க அனுப்பிவிட்டு ஏகநாதன் கலியம்மாள் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே ஏழு பெண்களும் இருந்தார்கள். வள்ளிநாயகி தன்னுடைய பச்சைப் புடவை ஒன்றையும் கண்ணாடி வளையலும் கொண்டுவந்திருந்தாள். பொட்டு வைத்தார்கள். பிறகு அவளுடைய வெறுங்கழுத்தைப் பார்த்தார்கள்.

"கழுத்து?" என்றாள் ஒருத்தி.

"மஞ்சக் கயிறு எடுத்தாந்துக் கீறேன். யாரு கட்றது?"

"நான் மாட்டேன்பா. எனக்குப் புருசன் புள்ள கீறாங்க."

"தாலியறுத்தவ கழுத்துல பொம்பள கட்டுவாளாடி? கர்மம், கர்மம். கேக்கவே ஒடம்பு கூசுது."

"சீ, குடுங்கடி இப்டி" என்றாள் கலியம்மாள். "தெனம் ஆட்டுக்குக் கட்றவதான் நானு." மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் கழுத்தில் சுற்றி, பின்னால் கையைக் கொண்டுபோய்த் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டாள். போட்டு முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததில் இருமல் வந்தது. ஒருத்தி வாசலுக்கு வந்து, ஏகநாதன் காலடிக்கு இரண்டடி தள்ளித் துப்பிவிட்டுப் போனாள்.

வள்ளிநாயகி ஆறு பாட்டில்களை ஒரு பழைய பையில் போட்டு அவனிடம் நீட்டினாள். இன்னும் சூடாக இருந்தன.

"ஆறு பேரும் குடுத்துட்டாங்களா?" என்று நம்பாமல் கேட்டான்.

"கலியம்மா ஆடு குடுத்துது."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதனை முடித்துவிட்டு வெளியே வந்து கையுறையை வாளியில் போட்டாள். அது சரிந்து விளிம்பில் தொங்கியது. கட்டி தேங்காய் அளவு இருக்கிறது, ரத்தம் நாலு கிராம்தான் இருக்கிறது, இவள் எப்படி நடந்து வந்தாள் என்று யாரையோ திட்டினாள். இன்றைக்கே எடுத்துவிட வேண்டும். நர்ஸ் சீட்டைப் பார்த்து, "வள்ளிநாயகி!" என்று கூப்பிட்டாள். கலியம்மாள் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வள்ளிநாயகி! காதும் போச்சா ஒனக்கு? முப்பது வயசுன்னு போட்டுக் கீது..." அருகே வந்து முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "ரத்தம் போனா இப்டித்தான் ஆயிடுறாளுங்க."

பிறகு நர்ஸ் தாளோடு ஏகநாதனிடம் வந்தாள்.

"நீ யாரு? புள்ளயா?"

அவன் வாயைத் திறந்தான். பெஞ்சில் இருந்த கலியம்மாள் அவனைப் பார்க்கவில்லை. அவள் ரவிக்கையின் கழுத்தோரம் மஞ்சள் நனைந்து ஊறியிருந்தது.

"புருஷன்."

நர்ஸ் அவனுடைய மீசையைப் பார்த்தாள். அது இன்னும் முழுதாக வந்திருக்கவில்லை. அவளுடைய உத்தியோகத்தில் இதைவிட மோசமான புருஷர்களைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது, தாளை நீட்டினாள். கல்லூரியில் நாலு வருஷம் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் பழகிய கை. 'கோவிந்தராஜ்' என்று தயங்காமல் போட்டது. கீழே, நோயாளிக்கு உறவு என்ற இடத்தில் 'கணவன்' என்று எழுதும்போதுதான் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ரத்தப் பிரிவு ஒத்துப்போனதும், ரத்தம் எடுக்கும் அறையில் அவன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். பாட்டிலைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானம் செய்திருந்தான், ஆனால் அது நிறைகிற சத்தம் கேட்டது. அடுப்பில் குழம்பு கொதிப்பது மாதிரி மெல்லிய சத்தம். பார்த்தான். ஐந்து மாதமாக அவன் தகரத்துக்குள் அழுகிப் பார்த்தது இங்கே புதுசாக, நுரையோடு, நாற்றமில்லாமல் இருந்தது. அப்புறம் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் விழித்தபோது ஒரு பிஸ்கட்டை அவன் வாயில் திணித்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு பாட்டில் கேட்டோம், ஒண்ணுதான் வந்துக் கீது" என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். "இருக்கறத வச்சி ஆரம்பிங்க" என்றது டாக்டரம்மாவின் குரல்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் நடைவழிக்கு வந்தபோது கலியம்மாளைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். வளையலைக் கழற்றிவிட்டார்கள், பொட்டை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டார்கள். மறுபடி அவள் முகம் அவளுடையதாக இருந்தது. மேலே அவனுடைய பாட்டில் ஆடிக்கொண்டே போனது. அவனைக் கடக்கும்போது அவள் ஏதோ கேட்டாள். குனிந்தான்.

"ஆட்ட அவுத்து வுட்டுட்டு வந்தனா, கட்டிட்டு வந்தனா தம்பி? நெனப்பில்ல."

அவனுக்கும் தெரியவில்லை. வண்டி உள்ளே போனது. கதவுகள் ஒன்றையொன்று இடித்து, ஆடி, நின்றன. உடனே அந்தக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஆயாம்மா ஒருத்தி வெளியே வந்தாள். கையில் வெட்டின மஞ்சள் கயிறு.

"யாருப்பா வள்ளிநாயகி வூட்டுக்காரரு? புடி. பொஞ்சாதி தாலிய கீழ வச்சிடாத, ஆவாது. எடுத்துட்டு வர்ற வரைக்கும் கையிலயே வச்சிரு."

அவன் கையை நீட்டினான். கயிறு வியர்வையில் நனைந்து, அவள் கழுத்துச் சூடு போகாமல் இருந்தது. ஓரத்தில் ஒரு இழை பழுப்பாக இருந்தது, பொட்டின் குங்குமமா வேறேதாவதா என்று தெரியவில்லை. பெஞ்சில் இடம் காலியாக இருந்தது. சட்டைப் பையும் காலியாகத்தான் இருந்தது. ஆறு பாட்டில் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜீப் டிரைவர் படியேறி வருவது தெரிந்தது. ஏகநாதன் உள்ளங்கையை மேலே விரித்தபடி நடைவழி நடுவில் நின்றான். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மஞ்சள் மெதுவாக அவன் ரேகைகளில் இறங்கிக்கொண்டிருந்தது.